கார் காப்பீடும் கைபேசி ஒப்பீடும்

காரின் காப்பீடு முடியும் நாள் நெருங்கினால் நம் இல்லங்களில் ஒரு சிறு விவாதம் எழுவது வழக்கம். வண்டி வாங்கிய நாள் தொட்டுப் பாலிசியைப் புதுப்பித்துத் தரும் ஏஜெண்டு ஒரு தொகை சொல்வார். கைபேசியில் ஒப்பீட்டுத் தளத்தைத் திறந்து பார்க்கும் மகனோ அதனினும் குறைந்த தொகையைக் காட்டி, "இத்தனை ஆண்டுகள் ஏமாந்துவிட்டோம்" என்பான். ஏமாந்தது மெய்தானா என்பதைச் சற்று ஆராய்வோம்.

நாம் கட்டும் பிரீமியம் ஒரே தொகையாகத் தோன்றினும் அதனுள் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, நம் வண்டியால் பிறர்க்கு நேரும் தீங்கிற்கானது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயமாகும். இதன் கட்டணத்தை விதிப்பது அரசாங்கம். 2022 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அறிவிப்பு, 1,000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ரூ. 2,094 என்றும், 1,500 சி.சி. வரை ரூ. 3,416 என்றும், அதற்கு மேல் ரூ. 7,897 என்றும் வகுத்தது. இப்பகுதியில் எத்தனை கம்பெனிகளை ஒப்பிட்டாலும் ஒரு காசும் மிஞ்சாது.

மற்றொன்று, நம் வண்டிக்கே நேரும் சேதத்திற்கானது. இதன் கட்டணக் கட்டுப்பாடு 2007 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதுமுதல் கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி வேறுபடுகிறது. ஒப்பீட்டினால் மிச்சம் உண்டெனில் அஃது இங்கேதான். உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொகை குறைந்தது தள்ளுபடியாலா, வாங்கும் பாதுகாப்பே குறைந்ததாலா என்பதைப் பார்த்தல் வேண்டும்.

ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பை முதலில் நோக்குக. வண்டி களவு போனாலோ முற்றிலும் அழிந்தாலோ கிடைக்கக்கூடிய உச்சத்தொகை அதுவே. மூன்றாண்டு கடந்து நான்காண்டு நிறையாத காருக்கு, விலையில் 40 விழுக்காடு கழித்து மதிப்பிடுவது வழக்கம். 10 லட்சம் ரூபாய்க் கார் எனில் மதிப்பு 6 லட்சம். திரையில் மேலே நிற்கும் மலிவான பாலிசி இதனையே 5,20,000 எனக் கொண்டிருக்கலாம். பிரீமியத்தில் மிஞ்சுவது சில நூறோ, ஆயிரமோ. வண்டி களவு போனால் இழப்பது 80,000!

பழுதுச் செலவில் நாமே ஏற்கும் பங்கும் அத்தகையதே. அதனை உயர்த்தினால் பிரீமியம் குறையும். பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்குப் பாதி விலையைக் கழித்தே இழப்பீடு தருவர். அக்கழிவை நீக்கும் 'ஜீரோ டெப்ரிசியேஷன்' சேர்ந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். மும்பை போல மழைநீர் தேங்கும் நகரில் வாழ்வோர் என்ஜின் பாதுகாப்பையும் மறத்தலாகாது. இவை யாவற்றையும் சமமாக வைத்த பின்னரே இரு தொகைகளை ஒப்பிடுவது முறையாகும். அவ்வாறு கிடைத்த தொகையைப் பழைய ஏஜெண்டிடம் காட்டித் தள்ளுபடி கேட்பதில் தவறில்லை. கேளாதவர்க்குத் தாமாகக் கொடுப்பார் அரியர்! தளமும் ஏஜெண்டும் கம்பெனியிடமே ஊதியம் பெறுகின்றனர். எல்லாக் கம்பெனிகளும் எல்லாத் தளங்களிலும் இடம்பெறுவதுமில்லை.

ஐயத்திற்கிடமில்லாத ஒரு மிச்சமும் உண்டு. உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு வேறு பாலிசியில் முன்னரே இருப்பின், 2019 முதல் அதனை மீண்டும் வாங்க வேண்டியதில்லை.

இவற்றினும் பெரியது 'நோ கிளெய்ம் போனஸ்'. இழப்பீடு கோராத முதல் ஆண்டிற்கு 20 விழுக்காடு தொடங்கி, ஐந்தாண்டுகளில் சொந்தச் சேதப் பகுதியில் 50 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்கத் தவறினால் அது போய்விடும். கோரிக்கை வைத்திருந்தும் இல்லையென்று திரையில் குறித்தால், பின்னர் இழப்பீடே மறுக்கப்படலாம்.

இச்சலுகை வண்டிக்கன்று, உரிமையாளருக்கே உரியது. பணி மாற்றலாகும்போது ஊரில் காரை விற்றுவிட்டு வரும் நம்மவர் பலர் இதனை அறியாது, புதிய ஊரில் வாங்கும் காருக்கு முழுப் பிரீமியம் கட்டிவிடுகின்றனர். விற்றதற்கான சான்றுகளுடன் பழைய கம்பெனிக்கு விண்ணப்பித்து அச்சலுகைக்குரிய சான்றிதழைப் பெற்று வைத்தால், மூன்றாண்டுக்குள் வாங்கும் காருக்கு அதனைப் பயன்படுத்தலாம்.