பல்லும் ஏடும்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்பது நம் முதியோர் கண்ட துணிபு. அவ்வுறுதி குன்றியவிடத்து வைத்தியரை நாடுகின்றோம். உள்ளூர் வைத்தியம் பொருட்செலவால் எட்டாதாயின், எல்லை கடந்து செல்லுதலும் உலகிற் காணப்படுகின்றது.

ஒஸ்திரிய நாட்டார் பல்லாண்டுகளாக அண்டை நாடாகிய ஹங்கேரிக்குச் சென்று பல் கட்டி வருகின்றனர். எல்லையை அடுத்த ஷொப்ரொன், மொஷொன்மொடியரோவார் என்னும் நகரங்கள் இத்தொழிலாற் பெயர் பெற்றவை. ஆங்குக் கூலியும் வாடகையும் குறைவு. ஆதலாற் கட்டணமும் குறைவு.

புதுப்பல்லோடு வீடு மீள்வோர் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அஃது அப்பல்லின் வரலாறு கூறும் ஏடு. தாடையெலும்பிற் பதித்த உலோகத் திருகாணி ஆண்டு சில கழிந்து தளருமாயின், உள்ளூர் வைத்தியர் முதலில் வினவுவது, "இது யார் செய்தது? அளவு யாது?" என்பதே. ஒரு நிறுவனத்தார் செய்த உறுப்பு மற்றொரு நிறுவனத்தாரின் திருகாணிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. எக்ஸ்றே படமும் சிகிச்சைக் குறிப்பும் இன்றேல், அவர் இருளிலே துழாவுவார்.

அவ்வேட்டின் பிரதியைப் பணமின்றிப் பெறலாமோ? இவ்வினா ஜேர்மனியில் வழக்காயிற்று. தம் பற்சிகிச்சையிற் பிழை நேர்ந்ததென ஐயுற்ற ஒருவர் பிரதி கேட்டார். வைத்தியரோ அதற்குரிய செலவைக் கேட்டார். 2023 ஒக்டோபர் 26 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: முதற்பிரதியை இலவசமாக அளித்தல் வேண்டும், நோயாளி காரணம் கூறவேண்டியதில்லை. ஹங்கேரியும் 2004 முதல் அவ்வொன்றியத்தின் உறுப்பு நாடாதலின், அவ்வுரிமை ஆங்கும் உண்டு.

உரிமை உண்டென்று வாளாவிருத்தல் அறிவன்று. பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறும்போதே ஏட்டையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பல் நம் வாயிலும் அதன் வரலாறு பிறர் பெட்டியிலும் இருக்குமாயின், கொடுத்த பணத்துக்குப் பாதிப் பொருளே பெற்றவராவோம்.