கையெழுத்துப் போடும் முன்னே...

பஞ்சாப் மாநில மின்சார வாரியத்தில் ஒருவர் உதவி லைன்மேனாக வேலை பார்த்தார். 1994 ஆம் ஆண்டு அவருக்குக் கண்பார்வை முழுவதும் போய்விட்டது.

இனி எப்படி வேலை செய்வது? குடும்பத்தை யார் காப்பாற்றுவது? 1996 ஜூலையில் அவர் ஒரு கடிதம் கொடுத்தார். தனக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தன் மனைவிக்கு வேலை தரும்படி கேட்டார். வாரியம் அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது.

அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால், அதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 இல் தீர்ப்பு வந்தது. அவருக்குக் கொடுத்த ஓய்வு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. ஓய்வு வயது வரை அவர் வேலையில் இருப்பதாகவே கருத வேண்டும் என்றது. அவருடைய உரிமையை அதிகாரிகளே அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் கூறியது.

இப்போது இருப்பது 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அதன் 20 ஆவது பிரிவு என்ன சொல்கிறது?

* அரசு வேலையில் இருப்பவருக்கு ஊனம் ஏற்பட்டால், அவரை நீக்கக் கூடாது. பதவியைக் குறைக்கவும் கூடாது.
* பழைய வேலையைச் செய்ய முடியவில்லையா? அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும்.
* வேறு வேலையும் இல்லையா? பொருத்தமான வேலை வரும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும்.
* ஊனத்தை மட்டுமே காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது.

போலீஸ், துணை ராணுவம் போன்ற சில பணிகளுக்கு மட்டும் அரசு விலக்குத் தந்திருக்கிறது.

அநியாயம் நடந்தால் எங்கே போவது? அரசு நிறுவனங்களில் இதற்கென்று குறைதீர்க்கும் அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகாரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அதில் திருப்தி இல்லாவிட்டால், மாவட்டக் குழுவிடம் போகலாம். மாநில ஆணையரிடமும் முறையிடலாம்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். நகல் வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்ததற்காகத் தொல்லை தந்தால், அதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

"இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று யாராவது காகிதத்தை நீட்டினால் அவசரப்படாதீர்கள். முழுவதும் படியுங்கள். புரியாவிட்டால் நம்பிக்கையானவரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். எதில் போடக் கூடாது என்பதையும் கற்றுக்கொள்வோம்.