லாரிச் சத்தம் கேட்குது... பேத்தி குரல் கேட்கலையே!

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் எப்போதாவது பயணம் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் அந்தப் பக்கத்து டீக்கடை பெஞ்சுகளில் ஒரு ரகமான பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் டீ கிளாஸ், மடியில் பேப்பர். ஆனால் கண் பேப்பரில் இருக்காது. ரோட்டில் போகிற லாரிகள் மேல்தான் இருக்கும். வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் மனதுக்குள் மார்க் போட்டுக் கொண்டிருப்பார்கள்!

என் பெரியப்பா அந்த ரகம். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். இப்போது எழுபத்தைந்து வயது. வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி வரும்போதே, கண்ணுக்குத் தெரியும் முன்பே, சொல்லிவிடுவார். "இது பழைய லேலண்டு, கண்ணு. லோடு இல்லாம வருது. ஓட்டறவன் புதுசு, கியர் விழுகறதப் பாரு." வண்டி வந்து நிற்கும். அவர் சொன்னது அப்படியே இருக்கும்.

அதே பெரியப்பாவுக்கு வீட்டில் குக்கர் விசில் கேட்காது. காலிங் பெல் கேட்காது. பேத்தி "அப்பிச்சி, அப்பிச்சி" என்று பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "பாரு கண்ணு... லாரிச் சத்தம்னா அரை மைல் தள்ளிக் கேக்குது. நான் பேசுனா மட்டும் கேக்காது. வேணும்னே பண்றாரு!" என்று பெரியம்மாவுக்குத் தீராத கோபம். இரண்டு வருஷமாக வீட்டில் இதே சண்டை.

பெரியம்மா சொன்னது சரியா? அதைச் சொல்வதற்கு முன், அந்த லாரிகளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

நட்சத்திரம் பதித்த மூக்கு

நம் ஊரில் வயதானவர்கள் இன்னமும் 'டாட்டா பென்ஸ்' என்றுதான் சொல்வார்கள். காரணம் உண்டு. 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் டாடா லாரி தயாரிக்கத் தொடங்கியது. எல்.312 என்ற மாடல். உருண்டு நீண்ட மூக்கு, அதன் நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம். 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது. நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. ஆனால் ஜனங்கள் வாயிலிருந்து பென்ஸ் மட்டும் இறங்கவே இல்லை!

லேலண்டு நம் சென்னைக்காரர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கிய கம்பெனி. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோர்த்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து வந்த காமெட் லாரியைத் தெரியாத டிரைவர் அந்தத் தலைமுறையில் கிடையாது. பீவர், ஹிப்போ, டஸ்கர் என்று அடுத்தடுத்து வந்த பெயர்களைப் பாருங்கள். ஒரு மிருகக்காட்சி சாலையே இருக்கிறது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு விளையாட்டு. பழைய டாடா லாரியில் 1210, 1612 என்று எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம், சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடை, டன்னில். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய குதிரைத்திறன். ஆக 1210 என்றால் 12 டன், சுமார் 100 குதிரை. இன்னொன்று நம்பர் பிளேட். மாநில எழுத்தும் வட்டார எண்ணும் சேர்ந்த இப்போதைய முறை 1989-ல் வந்தது. டி.என். 28 என்றால் நாமக்கல். அதற்கு முன்பு பதிவான வண்டியில் மூன்று எழுத்தும் ஒரு எண்ணும்தான். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள், நின்று பாருங்கள். தண்ணீர் லாரியாகவோ, மில்லுக்குள் மட்டும் ஓடுகிற வண்டியாகவோ எங்காவது ஒளிந்திருக்கும்.

வண்டியின் முகம் கம்பெனியுடையது. முதுகு நம் ஆசாரிகளுடையது. சேஸிஸ் மட்டும் வாங்கி வந்து, நாமக்கல் பட்டறைகளில் மரத்தில் பாடி கட்டுவார்கள். பக்கப் பலகையில் பூ, மயில், குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர்... சங்ககிரி, திருச்செங்கோடு என்று அந்த வட்டாரமே லாரியிலும் போர்வெல் வண்டியிலும் வளர்ந்த ஊர்கள். ஒரு குடும்பத்தின் நகை, நிலம், கல்யாணம் எல்லாமே அந்த ஒரு வண்டியை நம்பி இருந்த காலம் அது. அதனால்தான் அதன் மேல் அவ்வளவு பாசம்.

ஓட்டுவது ஒரு குஸ்தி!

இன்றைய லாரியை ஓட்டுகிற பையன்களுக்குப் பழைய வண்டியைக் கொடுத்தால் திணறிப் போவார்கள். பவர் ஸ்டியரிங் கிடையாது. அகலமான ஸ்டியரிங்கைத் தோளைக் கொடுத்துத் திருப்ப வேண்டும். அதுவும் கட்டை விரலை வளையத்துக்குள் விடக்கூடாது. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும். உள்ளே மாட்டிய விரல் ஒடியும்!

கியர் மாற்றுவது அதைவிட வேடிக்கை. கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்ச்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து. மறுபடி கிளட்ச், அதற்குப் பிறகுதான் கீழ் கியர். இதற்கு 'டபுள் கிளட்ச்' என்று பெயர். பற்சக்கரங்களின் வேகம் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் 'கரகர'வென்று கத்தும். வேகத்தைக் காட்ட எந்த முள்ளும் உதவாது. காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் ஏறி இறங்கினால் இடது கால் எத்தனை தடவை கிளட்ச்சை மிதித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு வலது முழங்காலைவிட இடது முழங்கால்தான் முதலில் மக்கர் செய்தது.

மூக்கில்லாத லாரிகளில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் இருக்கும். மேலே ஒரு மூடி. மார்கழியில் அதன் மேல் கிளீனர் சுகமாகத் தூங்குவார். சித்திரையில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி. சூட்டை விடுங்கள். சத்தம்? ஜன்னல் திறந்திருக்கும், எஞ்சின் பக்கத்திலேயே உறுமும், எதிர் வண்டியின் ஏர் ஹாரன் வேறு. டிரைவரும் கிளீனரும் அடுத்தடுத்து உட்கார்ந்தே கத்திக் கத்திப் பேசுவார்கள்.

இங்கேதான் பெரியம்மாவின் சண்டைக்கு விடை இருக்கிறது.

நத்தைக் கூட்டுக்குள் நடப்பது என்ன?

கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறதா? அங்கே சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக் கொள்ளலாம். அந்த அளவில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. நம் லாரி டிரைவர்கள் எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள்? 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி வேலை என்று வரம்பு வைத்தது. ராத்திரி முழுக்க ஓட்டி, காலையில் லோடு இறக்கிவிட்டு, மறுபடி ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு அது எங்கே நடந்தது?

உட்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் மெல்லிய முடி போன்ற நுனிகள் கொண்ட செல்கள் வரிசையாக இருக்கின்றன. கூட்டின் வாசலில் இருப்பவை விசில், குருவிச் சத்தம், குழந்தை குரல் மாதிரியான கீச்சு ஒலிகளைப் பிடிக்கும். உள்ளே போகப் போக, கனத்த ஒலிகளைப் பிடிப்பவை. பல வருஷம் பெருஞ்சத்தம் கேட்டால் முதலில் அடிபடுவது வாசல் பக்கத்துச் செல்கள். ஆடியோகிராம் எடுத்தால் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் கோடு பள்ளத்தில் விழுந்திருக்கும். முதுமையும் இதே பக்கத்திலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். செத்த செல் மறுபடி முளைக்காது.

இப்போது புரிகிறதா? லாரி எஞ்சினின் 'தடதட' கனத்த ஒலி. அதைக் கேட்கும் செல்கள் பெரியப்பாவுக்குப் பிழைத்திருக்கின்றன. பேத்தியின் குரல் வந்து விழுவது, போய்விட்ட இடத்தில்! அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. பேச்சில் உயிரெழுத்து ஓசைகள் கனமானவை. க, ச, த, ப போன்ற மெய்களின் ஓசை மெல்லியது, உயர்ந்தது. ஆகவே இவர்களுக்கு 'பேசுவது கேட்கும், புரியாது'. 'பால்' என்றால் 'கால்' என்று விழும். நாம் சம்பந்தமில்லாத பதிலைக் கேட்டுச் சிரிப்போம். அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே குறைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சுக்குப் போய்விடுவார். வீட்டில் நடந்தது இதுதான்.

உங்கள் வீட்டிலும் டிரைவராகவோ, மில்லில், தறிக்கூடத்தில், பட்டறையில் வேலை பார்த்தவராகவோ ஒரு பெரியவர் இருக்கிறாரா? டி.வி. சவுண்டைக் கூட்டிக்கொண்டே போகிறாரா? காதில் 'கொய்ங்' என்ற இரைச்சல் என்கிறாரா? காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முதலில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சில பேருக்கு அதை எடுத்தாலே பாதி சரியாகிவிடும். பிறகு ஆடியோகிராம். வலிக்காத சோதனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். தயவு செய்து எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். அவரிடம் பேசும்போது கத்தாதீர்கள். முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் கனத்த ஒலிதான் கூடும்.

முதுகும் முகமும்

காதோடு போகவில்லை விஷயம். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு விநாடிக்கு நாலு முதல் ஆறு தடவை குலுங்குகிற அதிர்வில்தான் அதிகமாக ஆடுகிறது. கெட்டி ஸ்பிரிங் போட்ட வண்டிகள் குலுக்குவதும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான்! மணிக்கணக்கில் குலுங்கிய முதுகோடு, வண்டியை நிறுத்தியதும் குதித்து இறங்கி மூட்டையைத் தூக்கினால் டிஸ்க் என்ன ஆகும்? காரில் வெகுதூரம் போகிற உங்களுக்கும் இது பொருந்தும். ஊர் போய்ச் சேர்ந்ததும் டிக்கியைத் திறந்து பெட்டியைத் தூக்காதீர்கள். ஐந்து நிமிஷம் நடந்துவிட்டுத் தூக்குங்கள். லாரியில் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியை விடாமல் இறங்குங்கள்.

முகத்தைக் கவனியுங்கள். 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு படம் வந்தது. 69 வயது டிரைவர், 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது முகம் மட்டும் தடித்து, சுருங்கி, இன்னொருவர் முகம் மாதிரி இருந்தது. கண்ணாடி வழியாக வரும் புற ஊதா 'ஏ' கதிர்களின் வேலை. நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். பெரியப்பாவின் வலது கன்னத்தையும் இடது கன்னத்தையும் இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன்!

பழைய வண்டி ஸ்டார்ட் ஆகும்போது 'குப்'பென்று கிளம்பும் கரும்புகை ரசிகர்களுக்கு சாம்பிராணி மாதிரி. ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் உறுதியாகவே அறிவித்துவிட்டது. ரசிப்பதைக் காற்று வரும் பக்கம் நின்று ரசியுங்கள். வீசிங் உள்ள குழந்தையை ஷெட்டுக்குள் கூட்டிப் போகாதீர்கள்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. இதைச் சொன்னபோது பெரியப்பா நம்பவில்லை. "லாரிக்கு ஏ.சி.யா? அப்புறம் எஞ்சின் சத்தம் எப்படிங் கண்ணு கேக்கும்?" என்றார்.

அவருக்கு இப்போது காது மெஷின் வைத்தாயிற்று. முதல் வாரம் ஒரே புகார். ஃபேன் சத்தம், பாத்திரச் சத்தம், பெரியம்மாவின் வளையல் சத்தம்! பழகுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பேத்தி கூப்பிட்டால் இப்போது திரும்புகிறார். டீக்கடைக்குக் கூட வருகிறவள் அவள்தான். பழைய வண்டி ஏதாவது வளைவில் வருகிற மாதிரி தெரிந்தால் மட்டும், மெஷினைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிடுகிறார். அதில் கேட்டால் எஞ்சின் தகர டப்பா மாதிரி இருக்கிறதாம். வண்டி போனதும் அவளே மறுபடி மாட்டி விடுகிறாள்.