கிழக்கு ஜெர்மனியின் கடைசி இரண்டு கோல்கள்

1990 செப்டம்பர் 12. பிரஸ்ஸல்ஸ் நகரில் கிழக்கு ஜெர்மனி கால்பந்து அணி தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. மூன்றே வாரத்தில் அந்த நாடே இருக்கப்போவதில்லை. பலர் வர மறுத்தார்கள். வந்தவர்கள் 14 பேர்தான். ஆனாலும் பெல்ஜியத்தை 2-0 என வென்றார்கள். இரண்டு கோலையும் அடித்தவர் அணித்தலைவர் மத்தியாஸ் சாமர், டிரெஸ்டன் நகரத்துக்காரர்.

ஒன்றிணைந்த ஜெர்மனி 1996இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது தொடரின் சிறந்த வீரரும் அவரே. அந்த ஆண்டின் தங்கப் பந்து விருதும் கிடைத்தது. அடுத்த ஆண்டே முழங்கால் காயம் அவர் ஆட்டத்தை முடித்துவிட்டது.

பயிற்சியாளராகி, 34 வயதில், 2002இல் டார்ட்மண்ட் அணிக்கு புண்டஸ்லிகா பட்டம் வாங்கித் தந்தார். ஆனால் அவருடைய பெரிய பணி மைதானத்துக்கு வெளியேதான். 2006இல் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் விளையாட்டு இயக்குநரானார். இளையோர் அணிகளைக் கவனித்தார். 2008, 2009இல் 17, 19, 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றும் ஜெர்மனி வசமாயின. அந்த 21 வயதுக்குட்பட்ட அணியின் நோயர், ஹும்மல்ஸ், போவாட்டெங், ஹோவெடஸ், கெதிரா, ஓசில் ஆகிய ஆறு பேரும் 2014இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார்கள்.