உங்களுக்குத் தெரியுமா? நீச்சல் குளத்தின் விசில் மொழி

நம் காரைக்காலின் கோட்டுச்சேரி காவிரியின் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், பிள்ளைகளின் நீச்சல் போட்டிக்கு ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்ற ஒரு கத்தல் போதும். ஒலிம்பிக் குளத்தில் அதிகாரிகள் வாய் திறப்பதே அபூர்வம். தண்ணீருக்குள் காதை வைத்திருப்பவரிடம் பேசி என்ன பயன்?

★ தலைமை நடுவர் விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாக விசில் ஊதினால், மேலே போட்டிருக்கும் உடுப்பைக் கழற்றச் சொல்கிறார். நீளமாக ஒன்று ஊதினால், மேடையில் ஏற வேண்டும். மல்லாக்க நீச்சலுக்கு மட்டும் நீள விசில் இரண்டு: முதலாவதற்குத் தண்ணீரில் இறங்கவேண்டும், இரண்டாவதற்குச் சுவரோரம் வந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

★ அடுத்து அவர், போட்டியைத் தொடங்கிவைப்பவரை நோக்கிக் கையை நீட்டுவார். ‘இனி இவர்கள் உங்கள் பொறுப்பு’ என்று அர்த்தம். தொடக்க ஒலி எழும்வரை அந்தக் கை இறங்காது. ‘டேக் யுவர் மார்க்ஸ்’ என்ற கட்டளை, ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டிகளிலும் எந்த நாடானாலும் ஆங்கிலத்தில்தான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நம் காரைக்காலில் நடந்தாலும் அதே!

★ பெரிய போட்டிகளில் ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனி ஒலிபெருக்கி. ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு தடம் 2.5 மீட்டர் அகலம். முதல் தடத்தின் பக்கத்தில் மட்டும் ஒலித்தால், எட்டாம் தடத்துக்காரர் நொடியில் நூறில் ஐந்து பங்கு தாமதமாகக் கேட்பார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் மிலோராட் சாவிச்சை வென்றது நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில்!

★ காது கேளாதவருக்கு? ஒலிக்குப் பதில் ஒளி. தென்னாப்பிரிக்காவின் டெரன்ஸ் பார்க்கின், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் விளக்கு மின்னுவதைப் பார்த்துக் குதித்து, 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வெள்ளி வென்றார்.

★ பார்வையற்றோர் போட்டியில், சுவர் நெருங்கும்போது கரையில் நிற்கும் உதவியாளர் நுனியில் பஞ்சு போன்ற பந்து வைத்த கோலால் ஒரு தட்டு தட்டுவார். அந்தத் தட்டு பிசகினால் தலை சுவரில் மோதும்.

★ 1500 மீட்டர் என்றால் 50 மீட்டர் குளத்தில் 30 நீளம். நீந்துகிறவருக்குக் கணக்கு தப்பிவிடும் என்பதால், மிச்சம் எத்தனை என்று திரும்பும் முனையில் அட்டை காட்டுவார்கள். இரண்டு நீளமும் ஐந்து மீட்டரும் மிஞ்சும்போது மணி, அல்லது விசில். கோயில் மணி மாதிரி ஒரு தடவை அடித்துவிட்டு ஓய முடியாது; அவர் திரும்பி ஐந்து மீட்டர் குறியைத் தாண்டும்வரை அடிக்க வேண்டும்.

★ கடலுக்கு வந்தால் மணியும் எடுபடாது. வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையைப் போக வர 51 மணி நேரம் நீந்தினார். அதே மாதிரித் திறந்த கடலில் இன்று நடக்கும் பந்தயங்களில் நடுவர் படகிலிருந்து கொடி காட்டுகிறார். அடுத்தவரை இடித்தால் மஞ்சள் கொடி, கூடவே அவரது எண் எழுதிய அட்டை. மறுபடி இடித்தால் சிவப்பு. உடனே தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும். மூன்றாவதாக ஒரு குட்டிக் கொடியும் உண்டு, அதைக் கண்டால் நீச்சல்காரருக்குக் கொண்டாட்டம்: குடிக்கக் கொடுக்கும் நீளக் கோலின் முனையில், தம் நாட்டு ஆளை அடையாளம் காணக் கட்டியிருக்கும் கொடி.