கம்பியில்லாமல் மூளைக்குள் மின்சாரம்

கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குள் ஒரு விந்தை நடக்கிறது. கரண்ட் போவது வெளியே சுற்றிய செம்புக் காயிலுக்கு மட்டும்தான். நடுவில் சுழலும் ரோட்டாருக்கு ஒரு கம்பிகூடக் கிடையாது. காயிலில் மின்னோட்டம் மாற மாறக் காந்தப்புலமும் மாறுகிறது. அந்த மாற்றமே ரோட்டாருக்குள் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இது. இதே விதியை வைத்துத்தான் கடுமையான மனச்சோர்வுக்கு இன்று சிகிச்சை தருகிறார்கள். ரோட்டார் இருந்த இடத்தில் மனித மூளை!

இதற்கு டி.எம்.எஸ். என்று பெயர் (பாட்டுக்கார டி.எம்.எஸ். அல்ல). தலையைத் திறக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தூண்டும் முறை. மண்டையோடு மின்சாரத்தை லேசில் உள்ளே விடாது. காந்தப்புலத்தை அது தடுப்பதே இல்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் ஒருவர் தலைமேல் காயிலை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுத்தபோது, அவர் கை தானாக அசைந்தது.

ஒரு துடிப்பு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதற்குள் எழும் புலம் ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா, அதாவது எம்ஆர்ஐ கருவியின் அளவு. ஆனால் வலிமை மட்டும் போதாது, புலம் மாறவும் வேண்டும். அசையாத காந்தம் அசையாத தலைக்குள் மின்சாரத்தை உண்டாக்காது. ஆகவே மனச்சோர்வு தீரும் என்று யாராவது காந்தக் காப்பு விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வலிமை தேவை? அதைக் கட்டைவிரல் சொல்கிறது. கையை ஆளும் மூளைப்பகுதிக்கு மேல் காயிலை வைத்து, விரல் துடிக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது வேறுபடும். பிறகு காயிலைச் சில சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் மூளையின் இடது முன்பகுதி வந்துவிடும். சோர்வுற்ற பலரிடம் மந்தமாக இருக்கும் பகுதி அது. துடிப்பு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போகாது. மனநிலையை ஆளும் பகுதிகளோ இன்னும் உள்ளே இருக்கின்றன. நரம்பிழைகள் வழியாகச் செய்தி அங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த அதிசயம்.

வழக்கமான முறையில் ஒரு அமர்வுக்கு 37 நிமிடம், 3,000 துடிப்புகள். வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். மூளையின் சொந்தத் தாளத்தைப் பின்பற்றி 600 துடிப்புகளை மூன்றே நிமிடத்தில் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று 2018இல் கனடா ஆய்வு ஒன்று காட்டியது. ஷாக் ட்ரீட்மென்ட் போல மயக்க மருந்தோ, வேண்டுமென்றே வரவழைக்கும் வலிப்போ இதில் இல்லை. காதடைப்பானோடு விழித்தே உட்கார்ந்திருக்கலாம். உச்சந்தலையில் குத்தல், தலைவலி வரலாம். தானாக வலிப்பு வருவது மிக அரிது. தலைக்குள் உலோகமோ காக்ளியர் கருவியோ இருப்பவர்களுக்கு ஆகாது.

அமெரிக்கா இதை 2008இல் அனுமதித்தது. நமக்கு எட்டும் தூரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை உண்டு. எல்லாருக்கும் பலிக்காது, ஆனால் மருந்து கைகொடுக்காத பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. மனம் வாரக்கணக்கில் எழ மறுத்தால் 14416இல் டெலி மானஸ் மனநல உதவி சேவையை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.