ஓர் இனம், இரு அலகுகள்

தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவருள் சிலர், முற்றத்துச் செம்பருத்தியை நாடி வரும் கருநீலச் சிட்டைச் சுட்டி, ‘ஹம்மிங் பறவை’ என்று கூறக் கேட்டிருக்கின்றோம். அது தேன்சிட்டு. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களுக்கும் அவற்றை அடுத்த தீவுகளுக்குமே உரியவை; இந்தியாவில் அவை இல்லை. சிறகோசையால் பெற்ற பெயராதலின், ரீங்காரச் சிட்டு என்று தமிழில் அழைப்போம்.

கரிபியன் கடலின் கிழக்கு விளிம்பில் டொமினிக்கா, மார்ட்டினிக், செயின்ட் லூசியா முதலிய எரிமலைத் தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் ஈரம் மிகுந்த மலைக்காடுகளில் வாழ்வது ஊதாத்தொண்டை ரீங்காரச் சிட்டு. நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். எடை பத்துக் கிராம் அளவே. உடல் கருமை, சிறகு மரகதப் பச்சை. தொண்டையோ நிழலில் கருமையாகத் தோன்றி, ஒளி பட்டதும் செம்மை கலந்த ஊதாவாகச் சுடர்விடும்.

ரீங்காரச் சிட்டுகள் பலவற்றில் ஆண் ஒரு கோலம், பெண் ஒரு கோலம். இதிலோ இரண்டிற்கும் உடை ஏறக்குறைய ஒன்றே, அலகுதான் வேறு. ஆண் உடலால் பெரியது. ஆயினும் பெண்ணின் அலகே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நீளமுடையது, வளைவோ இருமடங்கு. காரணம் மலரில் உள்ளது. வாழைக்கு உறவான ஹெலிக்கோனியா என்னும் செடிகள் இக்காடுகளில் வளர்கின்றன. இலையைக் கண்டால் வாழை என்றே நாம் எண்ணுவோம். அவற்றுள் ‘கரிபேயா’ என்னும் இனத்தின் பூக்கள் குட்டையானவை, நேரானவை, தேன் மிகுந்தவை. அவற்றை ஆண் தன் உடைமையாக்கிக் கொண்டு, பிறரை விரட்டியடிக்கிறது. ‘பிஹாய்’ இனத்தின் நீண்டு வளைந்த பூக்கள் பெண்ணுக்கு உரியவை. அலகு பூவின் குழலில் உறைக்குள் வாள்போலப் பொருந்துகிறது. செயின்ட் லூசியாவில் ஆராய்ந்தோர் 2000ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர்.

இன்னும் வியப்பு உண்டு. அத்தீவில் கரிபேயா அரிதாகிய இடங்களில், பிஹாயிலேயே மற்றொரு வகை காணப்படுகிறது. அதன் பூ குட்டையானது, வளைவு குறைந்தது. அதனை நாடுவது ஆண். பறவை செடியை மாற்றியதா, செடி பறவையை மாற்றியதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்பறவையினம் இன்று அழியும் நிலையில் இல்லை. எனினும் 2017 செப்டம்பரில் ‘மரியா’ என்னும் கடும்புயல் டொமினிக்காவின் மலைகளை இலையற்ற கட்டைகளாக்கியது. அத்தகைய நாட்களில் மலர் உதிர்ந்தால் தேனும் இல்லை. பத்துக் கிராம் உடலோ, நாள்தோறும் உண்டால்தான் பறக்கும்.